மறைந்து நிற்கும் நூற்றாண்டு



மொழியியல் படித்த ஒருவன் மருத்துவ ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். தேதி எழுதுவதும் ஒரு மொழிச்செயல்தான். அதில் நாம் சொல்லாமல் விடுவது சில வேளைகளில் ஓர் உயிரையே பாதிக்கும். இந்தப் பாடத்தை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. இதே ஜாலான் புசார் வட்டாரத்தில் கற்றுக்கொண்டேன்.

2003ஆம் ஆண்டு என் தாயாரை இங்குள்ள ஒரு சிறிய ஆய்வுக்கூடத்திற்கு அழைத்து வந்தேன். சிறுமியாகக் கப்பலேறி இத்தீவுக்கு வந்தவர் அவர். அடையாள அட்டையில் அவர் பிறந்த ஆண்டு மட்டுமே இருந்தது. நாளும் மாதமும் இல்லை. படிவத்தில் பிறந்த ஆண்டு கேட்ட இடத்தில் நானே என் கையால் '26' என்று எழுதினேன். மறுநாள் வந்த அறிக்கையில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்திற்கு 72 மில்லிலிட்டர் என்றிருந்தது. மகிழ்ச்சியோடு கிளம்ப எழுந்தேன். அங்குப் பணியாற்றிய ஒரு பெண்மணி அறிக்கையைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். வயது என்ற கட்டம் வெறுமையாக இருந்தது அவருக்கு உறுத்தியிருக்கிறது. "பாட்டி, உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். என் தாயார் சற்றும் தயங்காமல், "ஜப்பான்காரன் வந்தப்ப எனக்குப் பதினாறும்மா" என்றார்.

சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது 1942இல். அந்தப் பெண்மணி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவைக் கொண்டு வகுக்கும் பழைய வாய்பாடு அது. பெண்களுக்கு அதிலிருந்து மேலும் ஒரு பங்கு குறைப்பார்கள். 77 வயதுக்கு வந்த விடை 28. அதாவது சிறுநீரகம் பெருமளவு தளர்ந்திருந்தது. கணினியோ '26' என்பதை 2026 எனக் கொண்டு, இன்னும் பிறக்காத ஒருவருக்குக் கணக்குப் போட்டிருந்தது. 140இலிருந்து 77ஐக் கழிப்பதற்கு மாறாக 23ஐக் கூட்டியிருந்தது. அந்த 72ஐ நம்பி மருந்தின் அளவை முடிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்று நினைத்தாலும் உள்ளம் நடுங்குகிறது.

இதில் குற்றம் யாருடையது? இயந்திரத்தின் குற்றம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் '19' என்பதை விட்டு எழுதியவன் நான்.

மாணவர்களே, வினைத்தொகையை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். 'குடிநீர்' என்னும்போது குடித்த நீர், குடிக்கின்ற நீர், குடிக்கும் நீர் என மூன்று காலத்திற்கும் அது இடம் தருகிறது. காலம் காட்டும் இடைநிலை அங்கே மறைந்து நிற்கிறது. கேட்பவர் இடமறிந்து விரித்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் மொழி இப்படித் தொகுக்கிறது. இரண்டு இலக்க ஆண்டும் ஒரு தொகைதான். அதில் மறைந்து நிற்பது நூற்றாண்டு. மனிதர் அதை விரித்துக்கொள்வர். கணினிக்கு இடமும் தெரியாது, ஏவலும் தெரியாது. விதி ஒன்றே தெரியும்.

இவ்வழக்கம் கணினியோடு பிறந்ததும் அன்று. நம் அறுபதாண்டு வட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விக்ரம ஆண்டு 1940 ஏப்ரலில் பிறந்தது. 2000 ஏப்ரலிலும் பிறந்தது. பழைய ஓலையில் 'விக்ரம வருடம் ஆடி மாதம்' என்று மட்டும் இருந்தால் எந்த விக்ரம என்று ஆய்வாளர் திகைக்க வேண்டியதுதான். காஷ்மீரத்தில் வழங்கிய சப்தரிஷி ஆண்டுமுறையில் நூறுகளை விட்டுவிட்டு எஞ்சிய எண்ணை மட்டும் எழுதும் வழக்கம் இருந்தது. இரண்டு இலக்கச் சிக்கலுக்கு ஆயிரம் ஆண்டு வயது என்றே சொல்லலாம். அக்காலத்தார் இடம் மிச்சப்படுத்தினர். 80 பத்திகளே கொண்ட துளையட்டையில் செய்தியைப் பதிந்த கணினியாளரும் அதையேதான் செய்தனர். அன்று நினைவகம் பொன்னைப்போல் விலை உயர்ந்தது. தம் நிரல்கள் 2000ஆம் ஆண்டுவரை உழைக்கும் என அவர்கள் எண்ணவில்லை.

நம் நாட்டில் இச்சிக்கலின் முன்னோட்டத்தைப் பலர் கண்ணாலேயே கண்டனர். 1999 ஜனவரி 1 அன்று நண்பகலில் பல டாக்சிகளின் மீட்டர்கள் திடீரென நின்றன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவை இயங்கவில்லை. மீட்டர் நின்றால் ஓட்டுநருக்கும் பயணிக்கும் உடனே தெரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் நிலைமை வேறு. அங்கே இயந்திரம் நிற்பது சிறிய தீங்கு. நிற்காமல் தவறான எண்ணைத் தருவதே பெரிய தீங்கு.

ஏனெனில் ஆய்வுக்கூடம் தேதியாலேயே இயங்குகிறது. வளரும் பிள்ளையின் இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி மிகுதியாக இருப்பது இயல்பு. அதே அளவு முதியவரிடம் காணப்பட்டால் மருத்துவர் நோயைத் தேடுவார். ஆகவே வயது பிழைத்தால் 'இயல்பு' என்ற சொல்லின் பொருளே பிழைக்கும். ஒருவருடைய இன்றைய முடிவைச் சென்ற முடிவோடு ஒப்பிட்டு, பெரிய மாற்றம் இருந்தால் எச்சரிப்பது கணினியின் வேலை. எது முந்தியது, எது பிந்தியது என்பது குழம்பினால் அந்த எச்சரிக்கை எழாது. இரத்த வங்கியில் இரத்தத்தட்டுகளை ஏறத்தாழ ஐந்து நாள்களே வைத்திருக்கலாம். காலாவதி நாள் '00' என்று பதிவானால் நல்லது கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தோன்றக்கூடும்.

இவ்வச்சம் வெறும் கற்பனை அன்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கருவுற்ற தாய்மாருக்கு டவுன் நோய்க்குறி வாய்ப்பைக் கணிக்கும் ஆய்வுக்கூடக் கணினி, 2000 ஜனவரி முதல் தாயின் வயதைத் தவறாகக் கணக்கிட்டது. அக்கணிப்பில் வயதே அடிப்படை. 20 வயதுத் தாய்க்கு வாய்ப்பு ஏறத்தாழ 1,500இல் ஒன்று. 40 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ நூற்றில் ஒன்று. பிழை மே 24 வரை கண்டுபிடிக்கப்படவில்லை. அதற்குள் 154 தாய்மார் தவறான முடிவைப் பெற்றிருந்தனர். எல்லா வகைக் குழந்தைகளும் நம் குழந்தைகளே, அதில் ஐயமில்லை. ஆனால் அத்தாய்மார் தாமே சிந்தித்து, விரும்பினால் மேல்சோதனை செய்து, முடிவெடுக்கும் உரிமையை ஒரு கழித்தல் கணக்கு பறித்துவிட்டது. உலகமே 'ஒய்2கே ஒன்றுமில்லாமல் போயிற்று' என்று சிரித்துக்கொண்டிருந்த மாதங்களில் இது நடந்தது.

அவ்வாறு ஒன்றுமில்லாமல் போனதற்கும் காரணம் உழைப்பே. இங்குத் தேசியக் கணினி வாரியம் முன்னின்று அமைப்புகளை ஆயத்தப்படுத்தியது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் செய்த பணி ஓர் ஒழுங்கில் அமைந்தது. முதலில் பட்டியல்: தேதி காட்டும் ஒவ்வொரு கருவியும், குளிர்ப்பெட்டியின் வெப்பப் பதிவி உட்பட, கணக்கில் எடுக்கப்பட்டது. அடுத்து, செய்த நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி கேட்கப்பட்டது. பிறகு சோதனை: நோயாளர் பதிவுகளோடு தொடர்பு துண்டித்து, கடிகாரத்தை முன்னே நகர்த்திப் பார்த்தனர். டிசம்பர் 31 நள்ளிரவு மட்டும் போதாது. 9-9-99 சில நிரல்களில் 'முடிவு' என்ற குறியீடாகப் பயன்பட்டதால் அந்நாளும் பார்க்கப்பட்டது. 2000 பிப்ரவரி 29ஐயும் பார்த்தனர். நூற்றாண்டு முடியும் ஆண்டு 400ஆல் வகுபட்டால்தான் மிகுநாள் ஆண்டு. 1900 அன்று, 2000 ஆம். பாதி விதி மட்டும் தெரிந்த நிரல் அந்நாளில் தவறும். இறுதியாக, கணினி நின்றாலும் பணி நிற்காதிருக்கக் காகிதப் படிவம், இருப்பு மருந்துகள், கூடுதல் பணியாளர் எல்லாம் ஏற்பாடாயின.

திருத்தும் முறைகள் இரண்டு. ஒன்று, ஆண்டை நான்கு இலக்கமாக்குவது. மற்றொன்று, 00 முதல் 29 வரை இருபத்தொன்றாம் நூற்றாண்டு, 30 முதல் 99 வரை இருபதாம் நூற்றாண்டு என்பதுபோல் எல்லை வகுப்பது. இது செலவு குறைந்தது. பலர் இதையே தேர்ந்தனர். என் தாயாரின் 26 சிக்கியது இத்தகைய எல்லையில்தான். ஒத்திவைத்த பிழை தீர்ந்த பிழை ஆகாது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அது உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. உங்கள் அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள். 1999 வரை பிறந்த எங்களுக்கு 'எஸ்' என்ற எழுத்து முன்னே நிற்கிறது. 2000 முதல் பிறந்த உங்களுக்கு 'டி'. அடுத்த இரண்டு இலக்கம் நீங்கள் பிறந்த ஆண்டு. 1968க்கு முன் பிறந்தோர்க்கு மட்டும் இவ்விலக்கங்கள் ஆண்டைக் காட்டா. தொகையில் மறைந்திருந்த நூற்றாண்டை ஓர் எழுத்து விரித்துக் காட்டுகிறது. ஓர் இடைநிலையின் வேலையை அந்த எழுத்துச் செய்கிறது என்பேன்.

இன்னும் ஒரு நாள் காத்திருக்கிறது. 1970 தொடங்கி நொடிகளை எண்ணி வரும் பழைய 32 பிட் கணினிகளில், அவ்வெண் கொள்ளளவை எட்டும் நேரம் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. சிங்கப்பூர் நேரப்படி முற்பகல் 11 மணி 14 நிமிடம் 7 நொடி. திருத்தப்படாத கருவி அடுத்த நொடியில் 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். ஆய்வுக்கூடக் கருவிகள் பல ஆண்டுகள் உழைப்பவை. அன்று அவற்றின் முன் நிற்கப்போவது நானல்லேன்; இந்த அவையில் அமர்ந்திருக்கும் மாணவர்களாகிய நீங்கள்.

உங்களிடம் நான் கேட்பவை இரண்டு. ஆண்டை எப்போதும் நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். ஆசிரியர்கள் இதை விடைத்தாளின் முதல் வரியிலிருந்தே பழக்க வேண்டுகிறேன். வெறுமையான கட்டத்தைக் கண்டால் கடந்து போகாதீர்கள். எதிரே இருப்பவரைக் கேளுங்கள். என் தாயார் அதன்பின் ஆறாண்டுகள் வாழ்ந்தார். அந்தப் பெண்மணியின் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தவறிவிட்டேன். "உங்களுக்கு என்ன வயசு?" என்று அவர் கேட்ட கேள்விக்கு இந்த உரையை நன்றியாகச் செலுத்துகிறேன்.