ஆடவர் மார்பில் வீக்கம்

ஆடவர்க்கும் மார்பகத் திசு உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அத்திசு வீங்கினால், நோயைக் காட்டிலும் நாணமே நம்மை மிகுதியாக வாட்டுகிறது. சட்டைக்குள் மறைத்து, மாதக்கணக்கில் வாளாவிருந்து விடுகிறோம். இவ்வாறு மறைத்தல் தகாது என்பதையே இன்று எடுத்துக்கூற விரும்புகிறோம்.

இவ்வீக்கம் பெரும்பாலும் புற்றுநோயன்று. ஆண்மைக்குரிய ஹார்மோனும் பெண்மைக்குரிய ஹார்மோனும் தம்முள் சமநிலை குலையும்போது சுரப்பித் திசு வளர்கிறது. பருவமெய்தும் பிள்ளைகளிடம் இது இயல்பாகவே தோன்றி, பெரும்பாலும் இரண்டாண்டுகளுக்குள் தானே தணியும். முதியோர்க்கு ஈரல் நோயோ, சிறுநீரக நோயோ, ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்தோ காரணமாகலாம். பருத்த உடலினர்க்கு வெறுங் கொழுப்பே வீக்கம்போல் தோன்றுவதும் உண்டு.

டாக்டர் முதலில் கையால் தொட்டுப் பார்ப்பார். அதிலேயே ஐயம் நீங்கினால் படம் வேண்டுவதில்லை. ஐயமிருப்பின், 25 வயதுக்குட்பட்டோர்க்கு வழக்கமாக அல்ட்ராசவுண்டும், அதற்கு மேற்பட்டோர்க்கு மாமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயும் முதலில் எடுக்கப்பெறும். மாமோகிராமுக்கு இரு தட்டுகளிடையே மார்பைச் சிறிது நேரம் அழுத்துவர், அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை.

அப்படத்தில் கொழுப்பு கருமையாகவும் சுரப்பித் திசு வெண்மையாகவும் தெரியும். தீங்கற்ற வளர்ச்சி, காம்பிற்கு நேர் பின்னே தொடங்கி, விசிறிபோல் விரிந்து, கொழுப்பினுள் மெல்லக் கலந்து மறையும். புற்றுநோய்க் கட்டியோ, பலருக்குக் காம்பினின்று சற்று ஒதுங்கி, முட்கள் நீட்டியதுபோன்ற ஒழுங்கற்ற விளிம்புடன் காணப்படும். ஆயினும் படம் மட்டுமே தீர்ப்பாகாது. ஐயத்திற்குரிய கட்டியிலிருந்து ஊசியால் சிறிது திசுவை எடுத்துச் சோதித்த பின்னரே முடிவு கூறுவர்.

மார்பகப் புற்றுநோயுற்றோரில் ஆடவர் நூற்றுக்கு ஒருவர் அளவினரே. எனினும், தமக்கு இந்நோய் வாராது என்றெண்ணிக் காலந்தாழ்த்துவதே ஆடவர்க்குக் கேடாகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் கெட்டியான கட்டி, காம்பு உள்ளிழுத்தல், குருதிக் கசிவு, தோலில் புண், அக்குளில் கட்டி ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே டாக்டரிடம் செல்லவேண்டும்.

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு மொழியும் ஒரு தடையே. இந்தியில் நெஞ்சில் வலி என்று மட்டும் சொன்னால், இதயநோய் என்று கருதிவிடக்கூடும். ஆகவே, வீங்கிய இடத்தை விரலால் சுட்டிக் காட்டுக. எத்தனை மாதமாக உள்ளது என்பதையும் கூறுக. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, கையோடு எடுத்துச் செல்க.