இலையில் பங்கு கிடைத்தது, காட்டில்?



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களின் பிள்ளைகள், இன்று பட்டம் பெறும் நீங்கள். வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமுமாக வளர்ந்தவர்கள் உங்களில் பலர். உங்கள் நெய்யாறு பிறக்கும் அகத்தியர் மலையின் இருபுறமும் காணிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மாநில எல்லை அவர்களுக்குப் பிறகு வந்தது. சூழலியல் படித்த என்னை அதிகம் யோசிக்கவைத்தது அவர்கள் கதை.

1987 டிசம்பரில் ஆய்வாளர் குழு ஒன்று அந்த மலை ஏறியது. படித்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிய காணிக்காரர்களோ ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில், ஆய்வாளர் புஷ்பாங்கதன் தலைமையில், அதன் இலையிலிருந்து 'ஜீவனி' மருந்து உருவானது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் போனது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு. 1997இல் அவர்களுக்கென்று அறக்கட்டளையும் அமைந்தது. உயிரிப் பன்மைச் சட்டம் வந்ததோ 2002இல். சட்டம் கேட்கும் முன்பே பங்கு கொடுத்தவர்களை நான் மனமார வணங்குகிறேன்.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். காணி மக்கள் செடியைப் பயிரிட்டு இலை விற்க முன்வந்தபோது வனத்துறை தடை சொன்னது. காட்டில் செடியே இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். வீண் பயம் என்று சொல்லமாட்டேன், வேரோடு பிடுங்கி விற்ற கடத்தலும் நடந்தது. ஆனாலும் எதைப் பறிப்பது, எவ்வளவு பறிப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு அந்தச் செடியை அறிந்தவர்களிடம் வரவில்லை. பணத்தில் பங்கு வந்தது, பராமரிப்பில் வரவில்லை. என் வருத்தம் அதுதான்.

காட்டை அறிந்தவர்கள் சொல்லை ஏன் கேட்கவேண்டும் என்பதற்கு ஒரு சான்று. 1970களில் சூழலியலாளர் மாதவ் காட்கில் கர்நாடகத்து மூங்கில் காடுகளை ஆராய்ந்தார். மூங்கில் தூரைச் சுற்றிய முள்ளை வெட்டினால் நன்றாக வளரும் என்று அதிகாரிகள் நம்பினார்கள். முள் போனால் இளங்குருத்தை விலங்குகள் தின்றுவிடும் என்றார்கள் ஊர்க்காரர்கள். ஆய்ந்து பார்த்ததில் ஊர்க்காரர்கள் சொன்னதே சரியாக இருந்தது.

அப்படிப்பட்ட ஊர் அறிவைக் காக்க உங்களுக்கும் ஒரு வழி உண்டு. நான் சொன்ன 2002 சட்டப்படி உங்கள் ஊராட்சியிலும் ஓர் உயிரிப் பன்மைக் குழு இருக்கவேண்டும், உயிரிப் பன்மை பற்றிய மக்கள் பதிவேடு ஒன்றும் இருக்கவேண்டும். ஊருக்குப் போனதும் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் குளமும், வயலோரப் பச்சிலைகளும், அவற்றை யார் எப்படிக் காத்தார்கள் என்பதும் அதில் விடுபட்டிருந்தால், பெரியவர்களிடம் கேட்டு எழுதிக் குழுவிடம் கொடுங்கள். குழுவில் இடம் இருந்தால் நீங்களே சேருங்கள்.