வேனுக்கு அடியில் குனிந்து பார்ப்போம்

(தோட்டக் கமிட்டிகளின் பிராந்தியக் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், கொழுந்து நிறுவை, வீட்டுக் காணி என்று நாம் வழமையாகப் பேசும் விடயங்கள் இன்றைய நிகழ்ச்சி நிரலிலும் இருக்கின்றன. அவற்றுக்குப் போவதற்கு முன், நம் பிள்ளைகளும் நாமும் தினமும் ஏறி இறங்கும் பழைய வேன்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச விரும்புகிறோம். இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

போன ஐப்பசி மழையில், எங்கள் மேல்கணக்கிலிருந்து பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி வந்த வேன் ஒன்று, கோவில் வளைவில் பின்பக்கம் இழுபட்டுப் போய் மலைப்பக்கத்து மண்மேட்டில் மோதி நின்றது. மறுபக்கம் இழுபட்டிருந்தால் பள்ளம். உள்ளே பத்தொன்பது பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குக் கை முறிந்தது, மூன்று பிள்ளைகளுக்கு நெற்றியில் தையல். ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் டிரைவர் வேகமாக ஓட்டினார் என்றார்கள். உண்மையைச் சொன்னால், நாங்களும் முதலில் அப்படித்தான் சொன்னோம்.

மறுநாள் வேனைத் தூக்கிப் பார்த்த பாஸ் எங்களை அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். இடது பக்கத்தில் பின் ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதி கறுத்த பழைய துரு, பாதி புது இரும்பின் வெள்ளை. "இந்தக் கறுத்த பாதி விட்டு எத்தனையோ நாள். மிச்சப் பாதிதான் நேத்து விட்டது" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு தாய் சொன்னார்: "வேன் கொஞ்ச நாளா கோணலாத்தாங்க போச்சு. பின்னால டொக்கு டொக்குனு அடிக்குதும்மானு புள்ள வந்து சொன்னிச்சு. நா யார்கிட்ட போய் சொல்றது தலைவரே?" டிரைவர் தம்பிக்கும் தெரிந்திருந்தது. முதலாளியிடம் சொன்னாராம். தீபாவளி கழியட்டும் என்று பதில் வந்ததாம். ஆகவே பிள்ளைக்குத் தெரியும், தாய்க்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும். மூவரும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். இன்று நாங்கள் பேச வந்தது அந்தத் தனித்தனியைப் பற்றித்தான்.

தோழர்களே, ஒரு வேனின் பின்பக்கம் எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். நம் பகுதியில் ஓடும் பழைய வேன்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரே நீளமான இரும்பு அச்சு. பாஸ்மார் அதை எக்ஸல் என்பார்கள். அந்த அச்சு இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டைகளோடு யூ போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. சென்டர் போல்ட்டின் தலை, அச்சு தன் இடத்தை விட்டு நகராமல் பிடித்துக்கொள்கிறது. யூ போல்ட் தளர்ந்தால் பட்டையும் அச்சும் ஒன்றோடொன்று அசையத் தொடங்கும். அந்த அசைவின் பாரம் முழுவதும் சென்டர் போல்ட்டில் விழும். அது முறிந்தால் ஒரு பக்கத்து அச்சு முன்னுக்கோ பின்னுக்கோ நகரும். அப்போது ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வேன் நண்டு மாதிரிச் சாய்ந்துதான் போகும். ஈரமான வளைவில் பிரேக் போட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட வேன்கள் பலவற்றில் பின் சில்லைத் தாங்குவது அச்சுக்குழாய்க்குள் இருக்கும் தண்டும் அதன் பெயரிங்கும்தான். பெயரிங் தேய்ந்து தண்டு விட்டுப்போனால் சில்லு தனியாகக் கழன்று ஓடிவிடும். பெயரிங்குக்குப் பக்கத்திலுள்ள சீல் போனால் எண்ணெய் கசிந்து பிரேக் டிரம்முக்குள் இறங்கும். அந்தச் சில்லில் பிரேக் பிடிக்காது. இறக்கம் இறங்கும்போது இதைவிட ஆபத்து வேறென்ன?

இவை எல்லா வேன்களிலும் வரக்கூடியவைதானே என்று கேட்பீர்கள். வரக்கூடியவைதான். ஆனால் நம் வேன்களின் வயதைப் பாருங்கள். 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் எந்த வேனும் இளமையாகவில்லை. விலை ஏறியதால், கழிக்க வேண்டிய வேனும் வெல்டிங் பிடித்து மறுபடி வீதிக்கு வந்தது. டொல்பின் என்று நாம் பெயர் வைத்திருக்கும் ஹையேஸ் வேன்களில் சில, அதில் போகும் பிள்ளைகளின் அப்பாமாரே பிள்ளைகளாக இருந்த காலத்தில் ஜப்பானில் செய்யப்பட்டவை. ஜப்பானின் பனி விழும் பகுதிகளில் பாதையில் உப்பு தூவுவார்கள். அங்கே ஓடிய வேன் இங்கே வரும்போதே அடியில் துருவை ஏற்றிக்கொண்டு வந்திருக்கும். மேலே புதுப் பெயின்ட் இருக்கும், அடியைப் பார்த்தவர் யார்?

உப்பும் துருவும் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விடயத்தைச் சொல்கிறோம். ஃபோர்ட் கம்பனி விண்ட்ஸ்டார் என்ற குடும்ப வேனை விற்றது. அதன் பின் அச்சு, குழிந்த வடிவிலான ஓர் உருக்குச் சட்டம். பனிக்காலத்தில் வீதியில் போடும் உப்பு கலந்த தண்ணீர் அதில் தேங்கி அரித்தது. வெடிப்பு விழுந்தது. சில வேன்களில் அச்சு ஓட்டத்திலேயே முறிந்தது. அந்த நாட்டில் வீதிப் பாதுகாப்புக்கென்று ஓர் அரச நிறுவனம் இருக்கிறது. வாகனம் வைத்திருக்கும் எவரும் அங்கே முறைப்பாடு எழுதலாம். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். 2010 ஆம் ஆண்டு விசாரணை தொடங்கியது. அதே வருடம் ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1998 முதல் 2003 வரையான மாதிரிகளில் சுமார் 575,000 வேன்களைக் கம்பனி திருத்துவதற்காகத் திருப்பி அழைத்தது.

அங்கே எழுதியவர்களில் அநேகர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒவ்வொருவரும் தன் வேனைப் பற்றி மட்டும்தான் எழுதினார்கள். ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தன, ஒருவர் உட்கார்ந்து எண்ணினார். ஒருவர் சொன்னால் அவர் வேனில் ஏதோ கோளாறு என்பார்கள். இருநூறு பேர் சொன்னால் கம்பனி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கம் என்பது இதுதானே தோழர்களே? நம் முன்னோர் சந்தா கட்டி, பிரட்டுக்களத்தில் நின்று கற்றுக்கொண்ட பாடத்தை வேனுக்கு மட்டும் நாம் ஏன் பாவிக்கவில்லை?

நம்மிடம் வருடா வருடம் புகைப் பரிசோதனை இருக்கிறது. நல்லது. ஆனால் அந்த மெஷின் புகையைத்தான் பார்க்கும். ஸ்பிரிங் பட்டையைப் பார்க்காது, யூ போல்ட்டைத் தட்டிப் பார்க்காது. புகைச் சான்றிதழைக் காட்டி "வேன் ஓகே" என்று யாராவது சொன்னால் அதை அச்சுக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாமே செய்யும் இரண்டு பிழைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதலாவது, பட்டை கூட்டுவது. வேன் பின்னால் உட்கார்ந்துவிட்டது என்று ஒரு பட்டையைக் கூடுதலாகப் போடுகிறோம். வேன் நிமிர்ந்துவிடும், பாரம் தாங்கும் போலத் தெரியும். பட்டைக்குத்தான் பலம் கூடியது. அச்சுத் தண்டு, பெயரிங், பிரேக், டயர் எல்லாம் பழைய பலத்திலேயே இருக்கின்றன. சில வேன்களில், பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு பின் அச்சோடு இணைந்திருக்கும். பட்டை கூட்டிப் பின்பக்கத்தை உயர்த்தினால், வேன் வெறுமையாக இருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். ஆட்களை நிரப்பியிருக்கும்போதே பின் பிரேக் குறைந்துவிடும்.

இரண்டாவது, வெடித்த பட்டையை வெல்டிங் பிடிப்பது. ஸ்பிரிங் பட்டை சூடேற்றிப் பதம் பார்த்துச் செய்த உருக்கு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விடும். வெடித்த பட்டையை மாற்றத்தான் வேண்டும்.

பார்ப்பதற்குப் படிப்பு தேவையில்லை. சமதரையில் நிற்கும்போது வேன் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? நேர் பாதையில் கோணலாகப் போகிறதா? குழியில் இறங்கும்போது பின்னால் டொக்கென்று அடிக்கிறதா? பின் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா? பின் சில்லின் உட்புறம் எண்ணெய் வழிந்திருக்கிறதா? பட்டைகளுக்கிடையில், போல்ட்டைச் சுற்றி, சிவந்த துருத்தூள் தெரிகிறதா? அந்தத் தூள் இருந்தால் இரும்பும் இரும்பும் உராய்கின்றன என்று அர்த்தம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பாஸிடம் காட்ட வேண்டும். நிற்கிற வேனைக் குனிந்து பாருங்கள், போதும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வேனுக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது.

இதைக் கேட்டுவிட்டு வேன்காரத் தம்பிமாரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் நம் லயத்துப் பிள்ளைகள். வேனை ஒரு நாள் நிறுத்தினால் அவர்களுக்கு அந்த நாள் காசு இல்லை. அரைப் பேர் விழுந்தால் அந்த மாதம் என்னவாகும் என்று நமக்கும் தெரியும். பதினைந்து பேர் ஏறும் வேனில் இருபத்தைந்து பேரை ஏற்றுவது, ஆளுக்கு நாம் கொடுக்கும் காசு அவ்வளவுதான் என்பதால். ஆகவே பாரத்தைக் குறைக்கச் சொல்லும்போது, பட்டைக்கும் போல்ட்டுக்கும் ஆகும் செலவில் நம் பங்கு என்ன என்பதையும் பேச வேண்டும்.

பாதையையும் விட்டுவிட முடியாது. குழியில் விழும் ஒவ்வொரு தடவையும் ஏற்றிய பாரம் பெருகித்தான் அச்சில் அடிக்கிறது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டப் பாதைக்குச் செலவு செய்ய முடியாது என்று நீண்ட காலம் நம்மைத் திருப்பி அனுப்பினார்கள். 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இனிமேல் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரக் கூடாது. எந்தப் பாதை, எத்தனை குழி, எத்தனை பிள்ளைகள் போகிறார்கள் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக் கொடுப்போம்.

வேலைக்கு வேனில் போகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1934 ஆம் ஆண்டின் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்ட பிறகு, வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வரும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் நட்டஈடு கேட்கலாம். காயம் பட்டால் அன்றைக்கே பொலிஸில் பதியுங்கள், ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள், தலைவருக்குச் சொல்லுங்கள். கைக்காசு வேலைக்குப் போகிறவர்கள் யார் வேலைக்குக் கூட்டிப்போகிறார் என்பதை எழுதி வையுங்கள். பின்னால் கேட்கும்போது அதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

இறுதியாக நான்கு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு பிரிவிலும் மாதர் தலைவியிடம் ஒரு கொப்பி இருக்க வேண்டும். வேனில் சத்தம், சாய்வு, எண்ணெய் எதைக் கண்டாலும் திகதியோடு அதில் எழுத வேண்டும். பிள்ளை சொன்னாலும் எழுத வேண்டும்.

இரண்டு, தோட்டத்து லொறியைப் பார்க்கும் கராஜின் குழியை ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடும்படி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். நம் பிள்ளைகளை ஏற்றும் வேன்கள் எல்லாம் அன்று குழிமேல் நிற்க வேண்டும். பாஸுக்குரிய கூலியைக் கமிட்டி கொடுக்கும்.

மூன்று, இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றுவதில்லை என்று வேன்காரரோடு பேசி முடிவெடுப்போம். கட்டணம் பற்றியும் அதே மேசையில் பேசுவோம்.

நான்கு, பழுதைச் சொன்னதற்காக எந்த டிரைவரையாவது வேலையிலிருந்து நிறுத்தினால், அதைச் சங்கத்தின் பிரச்சினையாக எடுத்துக்கொள்வோம்.

அந்தக் கை முறிந்த பிள்ளை இப்போது மறுபடி பாடசாலைக்குப் போகிறது, அதே பாதையில்தான். முறிந்த சென்டர் போல்ட்டைப் பாஸ் எங்களிடம் கொடுத்தார். இதோ, கொண்டுவந்திருக்கிறோம். கையிலிருந்து கைக்கு அனுப்புங்கள். எது பழைய முறிவு, எது புதிய முறிவு என்று ஒவ்வொருவரும் பாருங்கள். பார்த்த பிறகு தீர்மானங்களுக்குக் கை உயர்த்துவோம்.