பால் போன்ற சிறுநீர்: மறைக்க வேண்டிய நோயல்ல
(ஸ்ரீபெரும்புதூர் இளைஞர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சபையில் பேசக் கூச்சப்படும் விஷயம்தான். ஆனாலும் பேசியாக வேண்டும். சிறுநீர் பால் போல வெள்ளையாகப் போனால் நம் இளைஞன் 'தாது போகிறது' என்று நினைக்கிறான். வாப்பாவிடம் சொல்வதில்லை. குளிப்பு கடமையாகிவிட்டதோ என்று கலங்கிப் பள்ளிவாசலுக்கு வரவே தயங்குகிறான். கடைசியில் சுவரொட்டியைப் பார்த்து, லாட்ஜில் அறை எடுத்திருக்கும் 'வைத்தியரிடம்' ஆயிரக்கணக்கில் கொடுத்து லேகியம் வாங்குகிறான்.

அது விந்து அல்ல, சகோதரர்களே! குடலிலிருந்து நிணநீர்க் குழாய் வழியே போக வேண்டிய கொழுப்பு, சிறுநீரில் கசிகிறது. நம் நாட்டில் இதற்குப் பெரும்பாலும் காரணம் யானைக்கால் நோயைத் தரும் அதே ஃபைலேரியா புழு. கால் வீங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. 1872-லேயே கல்கத்தாவில் டாக்டர் லூயிஸ் இந்தப் புழுவின் குஞ்சுகளை மனித ரத்தத்தில் கண்டு, பால் சிறுநீரோடு அதற்குள்ள தொடர்பையும் எழுதிவிட்டார். ஒளூ, குளிப்பு பற்றிய சந்தேகத்தை ஆலிமிடம் கேளுங்கள். நோயை டாக்டரிடம் காட்டுங்கள்.

வலீமா பிரியாணி சாப்பிட்ட பிறகு வெள்ளை அதிகமாகிறதா? அதுவே ஒரு துப்பு. ஈதர் சேர்த்துக் குலுக்கினால் அந்தச் சிறுநீர் தெளியும். பிறகு இரவு பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். புழுக்குஞ்சுகள் அப்போதுதான் வெளி ரத்தத்துக்கு வருகின்றன. நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஒரகடம் தம்பிகள் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தூங்கும் நேரம் மாறினால் குஞ்சுகள் வரும் நேரமும் மாறலாம். ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது.

டி.இ.சி. மாத்திரையை எடைக்கேற்ப, வழக்கமாக 12 நாள் தருவார்கள். எண்ணெயும் கொழுப்பும் குறைய வேண்டும். மாத்திரை புழுவைத்தான் தாக்கும். கசிவு உடனே அடைபடாது. அப்படி நீடித்தால், குழாய் வழியே மருந்து செலுத்தி அடைக்கும் சிகிச்சை சிறுநீரகவியல் பிரிவுகளில் உண்டு. அறுவை சிகிச்சை அபூர்வம். சிலருக்குத் தானாகவே நின்று, மாதங்கள் கழித்துத் திரும்பவும் வரும். லேகியக்காரர் பெயர் வாங்குவது அந்த இடைவெளியில்தான்!

சிறுநீர் சிவந்தால் அது வேறு கதை. எகிப்து, சூடான் பக்கம் வேலைக்கோ வியாபாரத்துக்கோ போய் ஆறு, கால்வாயில் இறங்கியவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பில்ஹார்சியா என்னும் புழு நோய்க்கு பிராசிகுவான்டல் என்ற நல்ல மருந்து இருக்கிறது.

இங்கே தொழிலாளர்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் வியாபாரிகளே! பீகார், ஒடிசா தம்பிகள் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று பேசாதீர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக்கு யானைக்கால் நோய் புதிதா என்ன? பரப்புவது க்யூலெக்ஸ் கொசு. அது பெருகுவது உங்கள் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும். மூடியின் சந்தை அடைத்து, காற்றுக்குழாய் வாயில் வலை கட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.