முடியாத வேலையைக் காட்டுங்கள்

(கொற்கையில் நடந்த மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கணினி விளையாட்டுக்குப் படம் செய்யும் பிள்ளைகளைப் பற்றி அறக்கட்டளை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கல்வி உதவி கேட்டு வரும் மனுக்களில் இந்தப் படிப்பும் இப்போது வருகிறது. அதனால் பேசுகிறோம். பணம் வைத்து ஆடுவது சூது. அதற்கு நம்மிடம் ஒரு ரூபாயும் கிடையாது. உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்வது பற்றிய மார்க்கச் சட்டத்தை ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு, தெரு, மரம், கப்பல், பாத்திரம் என்று செய்வதற்கே இந்தத் துறையில் நிறைய வேலை கிடக்கிறது. பெங்களூரில் 1997-இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு இப்படிப்பட்ட கலைவேலை செய்து கொடுத்தே வளர்ந்தது. 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது.

கருவிக்கும் பெரிய செலவில்லை. பிளெண்டர் என்ற மென்பொருள் 2002 முதல் எல்லோருக்கும் இலவசம். நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது, பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, இந்த இடம் சரியில்லையே" என்று சொல்ல ஓர் ஆள்.

நம்மிடம் உதவி பெற்ற தம்பி ஒருவர், இந்தக் கொற்கை பாண்டியர் துறைமுகமாக இருந்த காலத்தைக் கணினியில் செய்தார். கடல் இன்று பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அவர் அதைத் திரும்ப ஊருக்குள் கொண்டுவந்தார். ஏழு மாத வேலை. வீட்டில் எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். நேர்காணலில் பார்த்தவரோ ஐந்தே நிமிடத்தில் மூன்று குறை சொல்லிவிட்டார். பண்டகசாலைக் கதவு ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு. வெளிச்சம் நாலு பக்கமிருந்தும் விழுகிறது, சூரியன் எங்கே என்று தெரியவில்லை. தூரத்தில் கிடக்கும் முத்துச்சிப்பிக் குவியலுக்கு 4096 புள்ளி அகல மேற்பூச்சுப் படம். 1024 போதுமான இடத்தில் 4096 போட்டால் நினைவகச் சுமை 16 மடங்கு, கைபேசி திணறிவிடும்.

மூன்றுமே முதல் வாரத்தில் பிடிபடக் கூடியவை. கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உருவத்தை நிறுத்தினால் உயரம் தெரிந்துவிடும். ஆனால் ஏழு மாதமும் அதைப் பார்த்தவர்களில் இந்த வேலை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அதன் பிறகு இரண்டு மாதம் பிள்ளை கணினியைத் திறக்கவில்லை என்று அவர் உம்மா நம்மிடம் வந்து அழுதார்.

வேலை நடக்கும் இடங்களில் முதலில் எல்லாவற்றையும் சாம்பல் நிறக் கட்டைகளாக அடுக்கிக் காட்டுவார்கள். திருத்தம் கேட்ட பிறகே நுணுக்கத்துக்குப் போவார்கள். பத்தமடையில் நம் பெண்கள் கோரைப்பாய் நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாய் தறியில் இருக்கும்போதே ஓரம் இழுப்பதைச் சொல்லிவிட வேண்டும். அறுத்து மடித்த பிறகு சொல்லி என்ன பயன்?

சொல்வதிலும் அதபு உண்டு. "நல்லா இல்லை" என்பது பயனற்ற பேச்சு. எந்த இடம், ஏன், எப்படி மாற்றலாம் என்று சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே சொன்னால் நஸீஹத். அதையே டீக்கடையில் போய்ச் சிரித்துச் சொன்னால் கீபத் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இந்தப் பிள்ளைகள் கூடிப் பேசுவதைச் சில வாப்பாமார்கள் வெட்டிப்பேச்சு என்கிறார்கள். அந்தப் பேச்சில்தான் எந்த நிறுவனம் சம்பளத்தை இழுத்தடிக்கிறது, சோதனை என்ற பெயரில் யார் கூலியில்லாமல் வேலை வாங்குகிறார்கள், மணிக்கட்டு வலிக்கு நாற்காலியை எப்படி வைப்பது என்பதெல்லாம் தெரியவருகிறது. கட்டணம் வாங்கும் வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறார்களா?

ஆகவே ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பின் நம் வாசிப்பறையை இவர்களுக்கு ஒதுக்குகிறோம். பெண்பிள்ளைகளுக்கு மாடியில் தனி இடம். அங்கும் ஒரு திரை வைக்கிறோம். இரண்டு கணினிகள் ஸதகா நிதியிலிருந்து. ஜகாத் பெறத் தகுதியுள்ள பிள்ளைகளின் படிப்புக் கட்டணம் வழக்கம்போலத் தனிக் கணக்கில். முடிந்த வேலையைவிட முடியாத வேலையையே கொண்டு வாருங்கள். வேலைக்குச் சேர்ந்துவிட்ட தம்பிகள் நிறுவனத்தின் படங்களை இங்கே திறக்கக் கூடாது. வெளியில் காட்டுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அது அமானிதம். சொந்தப் பயிற்சி வேலை மட்டும் போதும்.

பெரியவர்களும் வர வேண்டும். கணினி தெரியாவிட்டால் பரவாயில்லை. கதவு நிலை எப்படிப் பொருந்தும் என்று தச்சருக்குத் தெரியும். முதல் வாரம் அந்தக் கொற்கைத் துறைமுகத் தம்பிதான் காட்டுகிறார். கதவைச் சின்னதாக்கிவிட்டாராம், இப்போது பாய்மரக் கயிறு எங்கே கட்டுவது என்பதில் சந்தேகமாம். தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்புக்குப் போய்வந்த பெரியவர் யாராவது உங்கள் மஹல்லாவில் இருந்தால், வண்டி அனுப்புகிறோம், அழைத்து வாருங்கள்.