ஒரே மீட்டரில் மூன்று குடும்பம்: சிந்திய மின்சாரத்துக்கு யார் பணம் கட்டுவது?

(ஈப்போ, குனோங் ராபாட் வட்டாரத்தில், தோட்டங்களை விட்டு வந்து குடியேறிய குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழி உரிமை, பள்ளி உரிமை, கோயில் நிலம், வீட்டு மனை என்று நம் கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று உங்கள் வீட்டு கரண்டு பில்லைப் பற்றிப் பேசப் போகிறேன். 'இதிலும் உரிமையா?' என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

உங்களில் பலர் பால்வெட்டியவர்கள், அல்லது பால்வெட்டியவர்களின் பிள்ளைகள். காண்டா வாளியில் பாலைச் சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து ஸ்டோருக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும். வழியில் கால் இடறினால் பால் சிந்தும். ஸ்டோரில் நிறுத்த பாலுக்குத்தான் கணக்கு. சிந்தியது தொழிலாளியின் நட்டம்.

மின்சாரமும் வரும் வழியில் சிந்துகிறது. கம்பியில் ஓடும்போது கம்பி சூடாகிறது. அந்தச் சூடு காற்றில் போய்விடும், யாருக்கும் பயன்படாது. இதைத்தான் மின்கடத்தல் இழப்பு என்கிறார்கள். ஒரே கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் தூரம் போகும் கம்பிகளில் 5 லட்சம் வோல்ட், 2 லட்சத்து 75 ஆயிரம் வோல்ட் என்று அழுத்தத்தைக் கூட்டி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்புகிறார்கள். ஊருக்கு அருகே துணை மின்நிலையத்திலும் டிரான்ஸ்பார்மரிலும் படிப்படியாக இறக்கி, 230 வோல்ட்டாக நம் வீட்டுக்குத் தருகிறார்கள். பெரிய கோபுரக் கம்பிகளைவிட, ஊருக்குள் வரும் சின்னக் கம்பிகளில்தான் இழப்பு அதிகம். உலகக் கணக்கில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பங்கு இப்படி வழியிலேயே போய்விடுகிறது.

இந்தச் சிந்தலுக்கு யார் பணம் கட்டுவது? நாம்தான். 2025 ஜூலை 1 முதல் தெனாகா நேஷனலின் புதிய கட்டண முறை வந்தது. பழைய பில்லில் எல்லாம் ஒரே தொகையாக இருந்தது. புதிய பில்லில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு மின்சாரத்துக்கு 27.03 காசு, நிலையத் திறனுக்கு 4.55 காசு, கம்பிக் கட்டமைப்புக்கு 12.85 காசு. மொத்தம் 44.43 காசு. நாம் கட்டும் ஒவ்வொரு வெள்ளியிலும் கால் பங்குக்கு மேல் கம்பிக்கே போகிறது என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியானால் கம்பி முதலில் யாருக்காக வந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம் பேராக் மாநிலம் மின்சாரத்துக்குப் புதிய ஊர் இல்லை. 1930-இல் பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை வந்தது. அந்த மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கும் ஈயக்கப்பல்களுக்கும் ஓடியது. ஈயம் தோண்டும் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடின. அதே காலத்தில் தோட்டத்து லயத்தில் நம் பாட்டிமார் மண்ணெண்ணெய் விளக்கில் சோறாக்கினார்கள். பின்னர் வந்த வெளிச்சமும் பல தோட்டங்களில் மாலை சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர் வெளிச்சம்தான். பிள்ளைகள் படிப்பைப் பாதியில் மூடி வைத்துவிட்டுப் படுத்தார்கள். தொழிலாளர் குடியிருப்புக்கு மின்சாரம் தரவேண்டியது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் சொன்னது. செண்டரோ அணைக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகள்!

நமக்கு மட்டும்தான் இந்த நிலை என்று நினைக்கவேண்டாம். 1970-களில் மேல் பேராக்கில் தெமெங்கோர் அணை கட்டப்பட்டபோது, ஜஹாய், தெமியார் பூர்வகுடி மக்களின் காடும் ஆற்றங்கரையும் நீருக்குள் போயின. அவர்கள் குடியேற்றத் திட்டங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஊருக்கு விளக்கு எரிய, அவர்கள் ஊரை விட்டார்கள். மஞ்சோங் கடலோரத்தில் 2003-இல் ஓடத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையம் 2015-இலும் 2017-இலும் மேலும் விரிந்து, இன்று 4,000 மெகாவாட்டுக்கு மேல் திறன் கொண்டது. நிலக்கரி கப்பலில் வருகிறது, சாம்பலும் புகையும் இங்கே மிஞ்சுகின்றன. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ நிலக்கரி எரிகிறது. சுமையை ஏழை ஊர்கள் சுமப்பதும், சுகத்தை வேறு இடங்கள் அனுபவிப்பதும் ஆகிய இந்த ஏற்றத்தாழ்வை நேர்செய்வதைத்தான் சுற்றுச்சூழல் நீதி என்கிறோம்.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். புதிய கட்டண முறையில் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு நல்ல அம்சம் உண்டு. குறைவாகப் பயன்படுத்தினால் சிக்கன ஊக்கத்தொகை என்று கழிவு தருகிறார்கள். 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு கழிவு. 250-க்குள் 24.5 காசு. 300-க்குள் 22.5 காசு. 350-க்குள் 21 காசு. மேலே போகப்போகக் கழிவு கரைந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றுமில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு, வெளியேற்றப்பட்டு, வாடகை வீட்டிலும் வீட்டுக்குப் பின்னால் இழுத்துக் கட்டிய அறையிலும் வாழும் நம் மக்கள் பலருக்குச் சொந்த மீட்டர் கிடையாது. ஒரே மீட்டரிலிருந்து மூன்று குடும்பத்துக்குக் கம்பி இழுத்திருப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு குடும்பம் மாதம் 250 யூனிட் பயன்படுத்துகிறது. சொந்த மீட்டர் இருந்தால் கழிவு போக ஏறக்குறைய 50 வெள்ளி. மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து 150 வெள்ளி. அதே மூன்று குடும்பமும் ஒரே மீட்டரில் இருந்தால் 750 யூனிட். கழிவு யூனிட்டுக்கு 4.5 காசுதான். 600 யூனிட்டைத் தாண்டியதால் மாதாந்திர சேவைக் கட்டணம் 10 வெள்ளியும் சேரும். வரிகளைச் சேர்க்காமலேயே ஏறக்குறைய 310 வெள்ளி! அதே விளக்கு, அதே காற்றாடி, அதே ஐஸ்பெட்டி. ஆனால் மாதம் 160 வெள்ளி கூடுதல். பிள்ளைகளின் பள்ளி பஸ் காசு அதில் அடங்கிவிடும்.

போதாததற்கு, மூன்று வீட்டுச் சுமையை ஒரு மெல்லிய கம்பியில் ஏற்றினால் அந்தக் கம்பி சூடாகும். நான் முதலில் சொன்ன இழப்பு அங்கே உங்கள் மீட்டருக்கு உள்ளே நடக்கிறது. அதற்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே தாய்மார்களே, இரண்டு வேலைகள் நம் முன்னால் உள்ளன. ஒன்று வீட்டுக்குள், இன்னொன்று வெளியே.

வீட்டுக்குள் செய்யவேண்டியவை:

மாதத்தின் நடுவிலேயே மீட்டரைப் படியுங்கள். படிக்கிற பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். கழிவு மொத்த யூனிட்டுக்கும் கணக்கிடப்படுவதால், 350-இல் நிற்பதற்கும் 351-ஐத் தொடுவதற்கும் ஏறக்குறைய 14 வெள்ளி வித்தியாசம்.

எல்லா சுவிட்சையும் அடைத்துவிட்டு, ஐஸ்பெட்டியையும் கழற்றிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் ஓடினால் எங்கோ கசிகிறது, அல்லது வேறு யாரோ இழுக்கிறார்கள்.

பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஒரே நீட்டிப்புக் கம்பியில் சோற்றுப் பானை, இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்ச் சாதனம் மூன்றையும் மாட்டாதீர்கள்.

ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாளை வைத்து மூடுங்கள். தாள் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் கெட்டுவிட்டது. இருபத்து நான்கு மணி நேரமும் குளிர் வெளியேறுகிறது. ரப்பரை மட்டும் மாற்றினால் போதும்.

60 வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். 9 வாட் எல்.ஈ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. புதுப் பொருள் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் நட்சத்திர முத்திரையையும் பாருங்கள்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 'ஏழைகள் மின்சாரத்தை வீணாக்குகிறார்கள்' என்று யாராவது உபதேசம் செய்தால் ஏற்காதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே, காற்று வராத அறையில், பழைய ஐஸ்பெட்டியை வாங்கி வைத்து வாழ்வது யாரும் ஆசைப்பட்டுத் தேடிக்கொண்டதில்லை. ஐந்து நட்சத்திரப் பொருளுக்கு அரசாங்கம் கழிவு கொடுத்தபோதும், கையில் முதல் உள்ளவர்தான் அதை வாங்க முடிந்தது. சிக்கனம் நல்லது. நல்ல வீடும் நல்ல கம்பியும் கொடுத்துவிட்டுச் சிக்கனம் கேட்பதுதான் நியாயம்.

வெளியே செய்யவேண்டியவை:

முதலாவது, ஒரு குடும்பத்துக்கு ஒரு மீட்டர். வீட்டுக்காரரிடம் பேசுங்கள். தெனாகா அலுவலகத்தில் என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கம்பி வேலையைப் பதிவு பெற்ற மின்குத்தகையாளரிடம் மட்டும் கொடுங்கள். தனித்தனியாகப் போனால் அலைய விடுவார்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரே நாளில் போங்கள்.

இரண்டாவது, பரம ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணக் கழிவு தரும் திட்டம் 2019-இல் வந்தது. அதற்கு இ-காசே பதிவு வேண்டும். உங்கள் பெயர் இருக்கிறதா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். மீட்டர் உங்கள் பெயரில் இல்லையென்றால் இந்தச் சலுகையும் கைக்கு வருவது சிரமம். எல்லா வழியும் அந்த மீட்டரில்தான் போய் முட்டுகிறது!

மூன்றாவது, தெனாகாவிடம் தீர்வு கிடைக்காத குறைகளை மின்சார ஆணையத்துக்கு எழுதுங்கள். 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சுருஹான்ஜாயா தெனாகா அதற்காகவே இருக்கிறது. மலாய் மொழியில் கடிதம் எழுத நம் இளைஞர்கள் உதவுவார்கள்.

தோழர்களே, சிந்திய பாலுக்குக் கூலி இல்லை என்று சொன்ன காலத்தில் நம் முன்னோர் சங்கம் அமைத்துக் கூலிக்குப் போராடினார்கள். இன்று நம் பிள்ளைகள் படிக்கும் விளக்கு நம் பெயரில் எரியவேண்டும் என்று கேட்கிறோம். நியாயமான கோரிக்கை இது.

இன்று வீட்டுக்குப் போனதும் பில்லை எடுத்துப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது, எத்தனை யூனிட், எவ்வளவு கழிவு என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்தத் தாள்களை ஒன்று சேர்த்தால் அதுவே நம் மனு.