இனிப்பு நீரும் பரம்பரையும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையில் சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் பேசுவதுதான் வழக்கம். இன்று நான் இனிப்பு நீர் வியாதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் சங்கத்தின் வேலையா என்று சிலர் எண்ணலாம். காலை இழந்தவர் நிரைக்குப் போக முடியாது. கண் மங்கியவர் கணக்குப் புத்தகம் எழுத முடியாது. சிறுநீரகம் கெட்டு வாரத்திற்கு மூன்று முறை இரத்தம் சுத்தம் செய்யப் போகிறவர் வீட்டில் சம்பளத்துக்கு வழி ஏது? ஆகவே இதுவும் தொழிலாளர் பிரச்சினையே.

2019 ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்த வியாதி இருந்தது. இந்தியர்களிலோ நூற்றுக்கு 31 பேருக்கு இருந்தது. வியாதி கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே அதுவரை தெரியாது.

இதைக் கேட்டதும் நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்தது, தலையெழுத்து" என்று சொல்லிக் கைகட்டி உட்காருகிறவர் ஒரு வகை. "வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு வருகிற வியாதி" என்று நோயாளியையே ஏசுகிறவர் மற்றொரு வகை. இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. அந்த இரண்டு பாதிகளும் எங்கே சேருகின்றன என்பதை உங்களுக்கு விளக்கிச் சொல்லவே வந்தேன்.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே தீவுகளைப்போலச் சிதறிக் கிடக்கும் சிறு கூட்டங்களை 1869 ஆம் ஆண்டில் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவ மாணவர் கண்டறிந்தார். அந்தத் தீவுகளில் பீட்டா அணுக்கள் என்பவை உண்டு. அவை சுரக்கும் பொருளே இன்சுலின். 1921 ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை தசைக்குள் நுழையக் கதவைத் திறந்துவிடுவது இன்சுலின்.

உழைப்புக்கு மிஞ்சிய உணவு சேரும்போது வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்புப் படிகிறது. அதன்பின் தசையும் ஈரலும் இன்சுலினின் சொல்லுக்கு எளிதில் அடங்குவதில்லை. ஒரு பங்கு இன்சுலினால் நடந்த வேலைக்கு இரண்டு பங்கு, மூன்று பங்கு தேவைப்படுகிறது. பீட்டா அணுக்கள் ஓவர்டைம் செய்து அதையும் கொடுக்கின்றன. அவை கொடுத்துக்கொண்டிருக்கும் வரை இரத்தத்தில் சர்க்கரை ஏறாது. ஆளுக்கும் ஒன்றும் தெரியாது. இப்படியே பல வருஷங்கள் ஓடிவிடும். என்றைக்கு அந்த அணுக்களால் ஈடுகொடுக்க முடியவில்லையோ அன்றைக்குத்தான் வியாதி தலைகாட்டுகிறது.

பருத்தவர் எல்லாருக்கும் இனிப்பு நீர் வருவதில்லையே, ஏன்? மெலிந்த உடம்புக்காரர் சிலருக்கு வருகிறதே, ஏன்? இதற்குப் பதில் பால்மரத்தில் இருக்கிறது. ஒரே மலை, ஒரே மண், ஒரே உரம். ஆனாலும் ஒட்டுமரம் தரும் பாலை விதைமரம் தருவதில்லை. அது பிறப்பிலே வந்த குணம். அதிகமாக வெட்டினால் சில இன மரங்கள் தாங்கும். சில இனங்களில் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். பிறவிக் குணம் ஒன்று, வெட்டும் வேகம் ஒன்று. இரண்டும் சேர்ந்தே மரத்தைக் கெடுக்கின்றன. பீட்டா அணுக்களின் கதையும் இதுவே.

இந்தப் பிறவிக் குணத்தைச் சுமந்து வருபவை மரபணுக்கள். இந்த வியாதியோடு தொடர்புடைய மரபணு இடங்கள் நூற்றுக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பல, பீட்டா அணுக்களின் வேலையோடு சம்பந்தப்பட்டவை. 2006 ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட டி.சி.எப்.7எல்.2 என்பது அவற்றில் முக்கியமானது. அதன் தீய வகை தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால், வியாதி வரும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகும். பெற்றோரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 40. இருவருக்கும் இருந்தால் சுமார் 70 என்பர். நம் இந்திய வம்சத்தவருக்கு, வெள்ளைக்காரரைக் காட்டிலும் குறைந்த எடையிலேயே, ஏறக்குறையப் பத்து வருஷம் முன்னதாகவே இந்த வியாதி வந்துவிடுகிறது.

அப்படியானால் தலையெழுத்து என்றவர் சொன்னது சரியா? இல்லை, தோழர்களே. அமெரிக்காவில் வியாதியின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினர் எடையை நூற்றுக்கு 7 பங்கு குறைக்கவும், வாரத்திற்கு 150 நிமிஷம் நடக்கவும் பயிற்சி பெற்றார்கள். 2002 ஆம் ஆண்டில் முடிவு வந்தது. அவர்களிடையே புதிதாக வியாதி வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்திருந்தது. பிறகு அதே ஆட்களின் மரபணுவைச் சோதித்தார்கள். சாதாரணமாக விடப்பட்டவர்களில் அந்தத் தீய மரபணு தன் கைவரிசையைக் காட்டியிருந்தது. உணவைத் திருத்தி நடந்தவர்களிடமோ அதன் தீங்கு பெரும்பாலும் அடங்கிப்போயிருந்தது. மரபணு மாறவில்லை, அணுக்களின் மேலிருந்த பாரம் குறைந்தது, அவ்வளவே.

அது வெள்ளைக்காரர் உடம்புக்கு என்று சொல்ல வேண்டாம். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலேயே, சென்னையில், 531 பேரிடம் இப்படி ஒரு சோதனை நடந்தது. உணவும் நடையும் திருத்தியவர்களிடையே வியாதி நூற்றுக்கு 28 பங்கு குறைந்ததாக 2006 ஆம் ஆண்டில் அறிவித்தார்கள்.

வியாதி வந்தவர்களும் மனந்தளர வேண்டியதில்லை. பிரிட்டனில், வியாதி வந்து ஆறு வருஷத்திற்குட்பட்ட 306 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2017 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருத்துவர் மேற்பார்வையில் உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இறக்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், ஒரு வருஷ முடிவில் மருந்தில்லாமலே வியாதி நீங்கிய நிலையில் இருந்தனர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் மரம் தேறுவதைப்போல, பாரம் இறங்கிய அணுக்களும் தேறுகின்றன. ஆனால் இதைக் கேட்டுவிட்டு நீங்களாக மாத்திரையையோ ஊசியையோ நிறுத்திவிடாதீர்கள்! அது உயிருக்கே ஆபத்து. டாக்டரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். விடியுமுன் எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, வாளி சுமந்து வந்தவருக்கு ஒரு தட்டு நிறையச் சோறு வேண்டியிருந்தது. வேலை செய்யும் தசை இன்சுலின் துணையில்லாமலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. உழைப்பே அவருக்குப் பாதி மருந்தாக இருந்தது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். தட்டின் அளவு மாறவில்லை. மகன் ஆபீஸ் நாற்காலியில் கிராணியாக இருக்கிறார். அவருக்கும் அதே தட்டு. அதற்கு மேல் ஒட்டுக்கடையில் டின் பால் கலந்த தேநீர் மூன்று வேளை. அணுக்கள் என்ன செய்யும்?

சோற்றைக் குறையுங்கள், கீரை, காய், பருப்பு, மீன் ஆகியவற்றைக் கூட்டுங்கள். தேநீரில் இனிப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சாப்பிட்டபின் சிறிது நேரம் நடங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால் அதை எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் இனிப்பு நீர் கண்ட தாய்மார்களுக்குப் பின்னாளில் அது திரும்பி வரும் அபாயம் பல மடங்கு அதிகம். பிள்ளை பிறந்ததும் மறந்துவிடாமல் அவர்கள் தொடர்ந்து சோதித்துக்கொள்ள வேண்டும்.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது வியாதி இருப்பதன் அறிகுறி. டாக்டர் மறுபடியும் சோதித்து உறுதி செய்வார். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் அங்கே போக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டுமென்றால் யார் போவார்கள்? அரிசியும் மாவும் சீனியும் மலிவாகவும், மீனும் காயும் விலையேறியும் இருந்தால் குறைந்த கூலிக்காரர் எதை வாங்குவார்? வாயைக் கட்டு என்று சொல்லுகிறவர்கள் இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் வருஷம் ஒரு முறை, சம்பளப் பிடித்தமின்றி இரத்தப் பரிசோதனை வேண்டும். குடியிருப்பின் அருகே காய்கறி பயிரிட நிலம் வேண்டும். பரம்பரையில் இனிப்பு நீர் இருக்கிறது என்பதைக் காரணங்காட்டி எவரையும் வேலையிலிருந்து ஒதுக்கக் கூடாது.

இந்த மூன்றும் நிர்வாகத்திடம் நாம் கேட்பவை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் தாய் தந்தையருக்கு இந்த வியாதி இருந்ததென்றால், அதை விதியின் தீர்ப்பாக எண்ணிச் சோர்ந்துவிடாதீர்கள். மற்றவர்களுக்கு முன்பாகவே உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை அது. அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்போது, இரத்தம் சோதித்துக்கொண்டேன் என்று ஒவ்வொருவரும் கை தூக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.